அரை மார்க் குறைத்த காரணம்

சார், தப்பா எடுத்துக்காதீங்க, முதல்ல அந்த டிவியோட வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமா? கடையில அடுக்கி வைக்கும்போது ஆளை இழுக்கறதுக்காக ஏத்தி வச்சிருப்பாங்க, அதை அப்படியே வீட்டுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் கொண்டு வந்துடறோம். கறுப்பு எல்லாம் சாம்பலாத் தெரியுது பாருங்க. ரிமோட்டை இப்படிக் குடுங்க, ஒரு நிமிஷ வேலை. ம், இப்பப் பாருங்க, திரையில சிரிச்சுக்கிட்டு நிக்கறானே, அவன் சட்டைக் காலர்ல தையல் தெரியுதா? இது தெரியாமலேதான் இந்த டிஸ்க்கை நாலு தடவை போட்டுப் பார்த்திருக்கீங்க. டைப் பண்ற அம்மா, இதையெல்லாம் அடிக்க வேண்டாம். அடிச்சாலும் ஒண்ணும் குடி முழுகிடாது.

நீங்க கேட்ட முதல் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ஏன் பண்ணினே, எப்படிப் பண்ணினேன்னு எல்லாரும்தான் கேப்பாங்க. நீங்க உக்காந்ததும், "சவுண்டுக்கு ஏன் அரை மார்க் குறைச்சீங்க?"ன்னு கேட்டீங்க. இருபத்தாறு வருஷமா இந்த வேலை பார்க்கறேன், இந்தக் கேள்வியை ஒருத்தர் கூட என் மூஞ்சியைப் பார்த்துக் கேட்டதில்ல. உள்ளுக்குள்ள குளுகுளுன்னு ஆயிடுச்சு. அதுக்குப் பதில் கடைசியில வரும், அவசரப்படாதீங்க. எல்லாத்தையும் ஒத்துக்கறேன், ஒளிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா வரிசையாச் சொன்னாதான் எனக்கும் சொன்ன திருப்தி இருக்கும்.

பழைய படங்களைச் சுத்தம் பண்ணி, வீட்டுல போட்டுப் பார்க்கறதுக்காக டிஸ்க்ல வெளியிடறாங்க இல்லையா, அது ஒவ்வொண்ணையும் பார்த்து ஒரு மாசப் பத்திரிகையில எழுதறதுதான் என் வேலை. கதை நல்லா இருக்கா, நடிப்பு நல்லா இருக்கான்னு எழுத வேற ஆளுங்க இருக்காங்க, அவங்க எழுதிக்கட்டும். படம் எவ்வளவு துல்லியமாத் தெரியுது, சவுண்டு எவ்வளவு சுத்தமாக் கேக்குது, இது ரெண்டுதான் என் இலாகா. ரெண்டுக்கும் பத்துக்கு இத்தனைன்னு மார்க் போடுவேன். கதாநாயகி அழறாளா சிரிக்கறாளாங்கறது எனக்குக் கவலை இல்ல. அவ கன்னத்துல இருக்கற பூனைமுடி தெரியுதா, அதுதான் என் கவலை.

இதுக்காகவே வீட்டு முன்னறையை மாத்தி வச்சிருக்கேன். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. சுத்திலும் ஆறு ஸ்பீக்கர். நடுவுல ஒரே ஒரு நாற்காலி, அதோட நாலு காலும் எங்க இருக்கணும்னு தரையில டேப் ஒட்டி அடையாளம் பண்ணியிருக்கேன். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாச்சு, என் பொண்டாட்டி தரை துடைக்கும்போது நாற்காலியைச் சுத்தித்தான் துடைப்பா, அடியில துடைச்சதே இல்ல. சவுண்டு பார்க்கற நேரத்துல பிரிட்ஜோட உறுமல் கூட ஆகாது, அணைச்சிடுவேன். திரும்பப் போட மறந்துடுவேன். எங்க வீட்டுல பால் திரிஞ்சு போச்சுன்னா அந்த மாசம் ஏதோ நல்ல டிஸ்க் வந்திருக்குன்னு அர்த்தம். சிரிக்கலாம் சார், நானே சிரிச்சிருக்கேன்.

நான் எழுதறதை அச்சுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி அவதான் பிழை பார்ப்பா. கையில பென்சில், மூக்கு நுனியில கண்ணாடி. ஒற்று விட்டுப் போச்சுன்னா ஒரு சுழி, அவ்வளவுதான், விஷயத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேக்க மாட்டா. இது பின்னாடி வரும், ஞாபகம் வச்சுக்கோங்க.

வாசகர்கள் எனக்கு வச்ச பேரு ஒன்பதரை. எப்பேர்ப்பட்ட டிஸ்க்கா இருந்தாலும் ஒன்பதரைக்கு மேல போட மாட்டேன், அதனால. ஒரு தடவை பஸ்ஸுல ஒருத்தர், "நீங்க ஒன்பதரைதானே?"ன்னு கேட்டுட்டார். இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுட்டு அவர் கூடவே மூணு ஸ்டாப் போய்ப் பேசிட்டு நடந்து வந்தேன். அன்னிக்கு ராத்திரி சோறே இறங்கல, அவ்வளவு சந்தோஷம். இந்த டிஸ்க் வர்ற வரைக்கும் ஒரே ஒரு தடவைதான் பத்து போட்டிருந்தேன். பதினாலு வருஷத்துக்கு முன்னாடி. வினை அங்க ஆரம்பிச்சது.

அது கறுப்பு வெள்ளைப் படம், எடுத்து எழுபது வருஷத்துக்கு மேல ஆகுது. கடைசிக் காட்சியில ஒரு பொண்ணு ரயில்வே பிளாட்பாரத்துல நின்னு புருஷன்கிட்ட விடை வாங்கிக்கறா. அவ பேச ஆரம்பிக்கும்போது இடது மூலையிலிருந்து ஒரு பனிமூட்டம் மெதுவாக் கிளம்பும். "போயிட்டு வரேன்"னு சொல்லும்போது சரியா அவ முகத்தைத் தொடும். பின்னாடி எங்கேயோ மழை பெய்யற சத்தம், இருக்கா இல்லையாங்கற மாதிரி. நான் நாற்காலியில அப்படியே உறைஞ்சு போயிட்டேன். அந்த மூட்டத்தைப் பத்தி மட்டும் பதினோரு பத்தி எழுதினேன். 'அவள் சொல்லாததை மூட்டம் சொல்கிறது'ன்னு ஒரு வரி. படத்துக்குப் பத்து, சவுண்டுக்குப் பத்து.

அந்தக் கட்டுரையைக் கல்லூரியில பாடமா வாசிச்சாங்க சார். டிஸ்க்கோட அட்டையிலேயே என் வரியை அச்சடிச்சாங்க. ஒருத்தர், பொண்டாட்டி விட்டுட்டுப் போன அன்னிக்கு உங்க மூட்டத்தைப் படிச்சுட்டுதான் தூங்கினேன்னு கடிதாசி போட்டார். கட்டுரைக்குச் சட்டம் போட்டு நாற்காலிக்குப் பின்னாடிச் சுவத்துல மாட்டி வச்சேன். படம் பார்க்க உக்காந்தா அது என் தலைக்குப் பின்னாலேயே இருக்கும். திரும்பிப் பார்க்கறதில்ல, ஆனா இருக்குன்னு தெரியும்.

இப்ப தூசிக்கு வருவோம். என் பொண்டாட்டியோட தம்பி. அப்பா அம்மா போனப்புறம் பன்னெண்டு வயசுல எங்க வீட்டுக்கு வந்தான். தம்பின்னு பேருதான், அவளுக்கு அவன்தான் பிள்ளை, எங்களுக்கு வேற இல்ல. நான் படம் பார்க்கும்போது நாற்காலிக்கு இடது பக்கம் தரையில உக்காந்துப்பான், மூச்சு விடற சத்தம் கூட வராது. வளர்ந்தப்புறம் பழைய பிலிமைத் துடைச்சு, கிழிசலை ஒட்டி, ஸ்கேன் பண்ணிக் குடுக்கற பட்டறை ஒண்ணு வச்சான். எந்நேரமும் தலையில ஒட்டடை. அதான் தூசின்னு நான் பேரு வச்சேன். அவன் என்னை அத்தான்னு கூப்பிடுவான். அந்த நடு எழுத்தைக் கொஞ்சம் இழுப்பான், சின்னப் பிள்ளையிலேருந்தே அப்படித்தான்.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட வந்தவன், சட்டைக்குள்ளேருந்து ஒரு டிஸ்க்கை எடுத்தான். "அத்தான், கண்ணை மூடிக்கிட்டு நாற்காலியில உக்காருங்க"ன்னான். எங்கேயோ மூடிப்போன ஒரு லேப்போட நிலவறையில அந்தப் படத்தோட நெகட்டிவ் கிடைச்சிருக்கு. நெகட்டிவ்னா தாய் பிலிம் சார், கேமராவுக்குள்ள ஓடினது அதுதான். நாம இத்தனை நாள் பார்த்ததெல்லாம் பிரதிக்குப் பிரதி. அதை எட்டு மாசம் உக்காந்து சுத்தம் பண்ணியிருக்கான். எங்கிட்ட மூச்சு விடாம மறைச்சு வச்சிருந்திருக்கான், கள்ளன்.

போட்டான். மூட்டமே இல்ல சார். பளீர்னு வெயில். அந்தப் பொண்ணுக்குப் பின்னாடி, பனியன் போட்ட ஒரு ஆளு, படப்பிடிப்புல சாமான் தூக்கற ஆளா இருக்கணும், பெட்டி மேல உக்காந்து வாழைப்பழம் தின்னுக்கிட்டிருக்கான். இவ கண்ணைத் துடைச்சுக்கிட்டு "போயிட்டு வரேன்"ங்கறா, அவன் ரெண்டாவது பழத்தை உரிக்கறான். மழையும் இல்ல, அது பிரதியோட இரைச்சல். பதினோரு பத்தி எழுதினேனே ஒரு மூட்டம், அது பிலிம்ல பூத்திருந்த பூஞ்சை.

தூசி தரையில உருண்டுட்டான். "அத்தான், பூஞ்சைக்குப் பத்து மார்க் போட்டிருக்கீங்க அத்தான்"னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சான். சத்தம் கேட்டு என் பொண்டாட்டி கரண்டியோட ஓடி வந்தா. இன்னொரு தடவை போடு, இன்னொரு தடவை போடுன்னு அந்த வாழைப்பழக்காரனை மூணு தடவை பார்த்தா. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா. அவ அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல, அழகா இருந்துச்சு. நானும் சிரிச்சேன், மூணு பேர்ல என் சத்தம்தான் பெருசு. உள்ளுக்குள்ள வெக்கத்துல உடம்பெல்லாம் கூசிப் போச்சு, காது ரெண்டும் எரிஞ்சது. அதையும் சொல்லிடறேன், மறைக்கக் கூடாது.

சாப்பிட்டுக்கிட்டே தூசி சொன்னான், "டிஸ்க்கோட ஒரு துணைப் படமும் சேர்த்துக் குடுக்கறோம் அத்தான். திரையில பாதி பழசு, பாதி புதுசு. அதுக்கு மேல உங்க பதினோரு பத்தியையும் நீங்களே உங்க குரல்ல வாசிக்கணும். ஜனங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க." தாராளமா வாசிக்கறேன்னேன். அவன் தட்டுல இன்னொரு கரண்டி சோறும் போட்டேன்.

நீங்க நினைக்கறது புரியுது. மானம் போயிடும்னு பயந்து பண்ணிட்டான்னு எழுதிக்குவீங்க. அப்படி இல்ல சார். எனக்கு மார்க்கும் மண்ணாங்கட்டியும். நான் யோசிச்சது என் வாசகர்களைப் பத்தி. பொண்டாட்டி விட்டுட்டுப் போன அந்த மனுஷனை யோசிச்சுப் பாருங்க, பூஞ்சையைப் படிச்சுட்டுதான் தூங்கினேன்னு தெரிஞ்சா அவர் என்ன ஆவார்? பாடம் எடுத்த வாத்தியார் எந்த மூஞ்சியோட வகுப்புக்குப் போவார்? ஒரு மூட்டத்தை நம்பி ஆயிரம் பேர் இருக்காங்க. ஒரு பக்கம் ஆயிரம் பேர், ஒரு பக்கம் ஒரு வாழைப்பழக்காரன். யாராவது ஒருத்தர் பொறுப்பு எடுத்துக்கணுமில்லையா? நான் எடுத்துக்கிட்டேன். அந்த வாரம் முழுக்க மனசு பஞ்சா இருந்துச்சு, விசிலடிச்சுக்கிட்டே பல் தேய்ச்சேன்.

அடுத்த ஞாயிறு மூணு மணிக்குக் குரல் பதிவு பண்ண வரச் சொல்லியிருந்தான். நெகட்டிவ், எனக்குப் போட்டுக் காட்டின டிஸ்க், எல்லாம் அவன் பட்டறையிலதான் இருந்துச்சு. அங்க ரெண்டு அறை. வெளியறையில மேசை, ஸ்கேன் பண்ற மெஷின். உள்ளறையில பிலிம் பெட்டிங்க, வெளிச்சம் ஆகாதுன்னு ஜன்னல் கிடையாது, இரும்புக் கதவு, தாழ்ப்பாள் வெளிப்பக்கம். அந்தக் காலத்துப் பிலிம் சட்டுனு பத்திக்கும், பத்தினா அணைக்க முடியாது. "அத்தான், தீப்பெட்டியை வாசல்லேயே வச்சுட்டு வாங்க"ன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லுவான். அன்னிக்கும் சொன்னான். எங்கிட்ட தீப்பெட்டி இல்ல. "இருங்க, அந்த வாழைப்பழக்காரனை உங்க கையிலேயே குடுக்கறேன்"னு சிரிச்சுக்கிட்டே உள்ளறைக்குள்ள போனான்.

நான் ரெண்டே ரெண்டு காரியம்தான் பண்ணினேன். மேசையில வெட்டிப் போட்ட பிலிம் துண்டுங்க குவியலாக் கிடந்துச்சு. பக்கத்துல சூடான பல்பு போட்ட மேசை விளக்கு. அதோட கழுத்தை வளைச்சு, குவியல் மேல படுக்க வச்சேன். அப்புறம் இரும்புக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினேன். அந்தத் தாழ்ப்பாள் ஒரே தள்ளுல போகாது. முதல்ல ஒரு கிளிக், நடுவுல துரு உரசற சத்தம், அப்புறம் இன்னொரு கிளிக். தள்ளின கையோட படியிறங்கிட்டேன். எதுவும் காதுல விழல. அவன் கெட்டிக்காரன், எப்படியாவது வெளியே வந்துடுவான்னுதான் நினைச்சேன். தெருமுனையில ஒரு கடையில டீ குடிச்சேன், டீ நல்லா இருந்துச்சு.

விளக்கு சாய்ஞ்சு பிலிம் பத்திக்கிச்சு, விபத்துன்னு உங்க ஆளுங்களே எழுதிட்டாங்க. கதவு சூட்டுல வளைஞ்சு விழுந்து கிடந்ததுல தாழ்ப்பாளை யாரும் பார்க்கல. என் பொண்டாட்டி அதுக்கப்புறம் அதிகம் பேசறதில்ல. அவனோட தட்டைத் தினமும் எடுத்துக் கழுவுவா, துடைச்சுத் திரும்ப அதே இடத்துல வைப்பா. சாப்பாட்டு நேரத்துல அதைப் பார்க்க எனக்கே கஷ்டமா இருந்துச்சு. நான் ஒண்ணும் கல்லு இல்ல.

இப்பதான் சார் வேடிக்கை. ரெண்டு மாசம் கழிச்சு டிஸ்க் கம்பெனிக்காரர் போன் பண்றார். நெகட்டிவ் எரிஞ்சு போனா என்ன, உங்க மச்சினன் முழுப் படத்தையும் ஸ்கேன் பண்ணி, தீப்பிடிக்கறதுக்கு முந்தின வெள்ளிக்கிழமையே அனுப்பிட்டாரே, அவர் நினைவா டிஸ்க்கைக் கொண்டு வர்றோம்ங்கறார். வெள்ளிக்கிழமை. நான் போனது ஞாயித்துக்கிழமை. அத்தனை பாடும் வீண். எனக்கு அடக்க முடியாமச் சிரிப்பு வந்துடுச்சு, போனைப் பிடிச்சுக்கிட்டுக் குலுங்கறேன். அவர் நான் அழறேன்னு நினைச்சு, மனசைத் தேத்திக்கோங்கன்னார்.

டிஸ்க் கடைக்கு வர்றதுக்கு மூணு வாரம் முன்னாடி எனக்கு விமர்சனத்துக்கு வந்துச்சு. பிரிட்ஜை அணைச்சுட்டு உக்காந்தேன். படத்துக்குப் பத்து போட்டேன் சார். என் வாழ்க்கையில ரெண்டாவது பத்து. வாழைப்பழத்தோல்ல இருக்கற புள்ளி வரைக்கும் தெரியுது, போடாம இருக்க முடியுமா? தொழில்னு வந்துட்டா நான் ஆள் பார்க்கறதில்ல. சவுண்டுக்கும் பத்துதான் போடறதா இருந்தேன்.

அப்புறம் அந்தத் துணைப் படத்தைப் போட்டேன், நாப்பத்தொரு நிமிஷம். நான் வாசிக்கவே இல்லையே, அதனால ஒத்திகைக்கு அவனே என் பதினோரு பத்தியையும் வாசிச்சு வச்சிருந்ததைச் சேர்த்திருந்தாங்க. கிண்டலா வாசிப்பான்னு பார்த்தா, நிறுத்தி நிதானமா வாசிக்கறான். முடிச்சுட்டு கேமராவைப் பார்த்துச் சொல்றான்: "இது மூட்டம் இல்ல, பூஞ்சை. ஆனா பதினாறு வயசுல அத்தான் பக்கத்துல தரையில உக்காந்து இதைப் பார்த்தப்ப எனக்கும் மூட்டம்தான் தெரிஞ்சது. அந்த மூட்டத்தாலதான் நான் இந்த வேலைக்கே வந்தேன்." அந்த இடத்துல உதட்டசைவும் குரலும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கு. குறிச்சு வச்சுக்கிட்டேன்.

அவன் உள்ளறையிலயும் ஒரு சின்ன கேமராவும் மைக்கும் மாட்டி வச்சிருந்திருக்கான், வேலை நடக்கறதைத் துணைப் படத்துல காட்டறதுக்காக. எடுக்க எடுக்க அது நேரா கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்திருக்கு. எனக்கு அது தெரியாது. கடைசியில அவன் ஒரு பிலிம் பெட்டியைக் கையில எடுத்துக்கிட்டுச் சிரிச்சபடி திரும்பறான், அங்க படம் உறைஞ்சு நின்னு 'நினைவாக'ன்னு எழுத்து வருது. முன் ஸ்பீக்கர்ல வயலின். எடிட்டர் படத்தை நிறுத்தினாரே ஒழிய, மைக்கை நிறுத்த மறந்துட்டார். பின்னாடி இடது ஸ்பீக்கர்ல அது லேசா ஓடிக்கிட்டே இருக்கு. சாதாரண டிவியில வயலினுக்கு அடியில யாருக்கும் கேக்காது. என் அறையில கேட்டுச்சு. எனக்கு அப்ப வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்றது, இந்த உலகத்துலேயே அதைக் கண்டுபிடிச்சது நான் ஒருத்தன்தான். எழுதாம விட முடியுமா சார்? இருபத்தாறு வருஷத்துல கேட்ட குறையை நான் ஒரு தடவை கூட மறைச்சதில்ல.

இதோ உங்க மேசையிலேயே இருக்கு, நான் எழுதினது: 'இறுதியில் பின் இடது ஒலிபெருக்கியில், வெளிப்பக்கத்திலிருந்து ஓர் இரும்புத் தாழ்ப்பாள் போடப்படும் ஓசை தெளிவாகக் கேட்கிறது. தொடர்ந்து ஒரு குரல். கவனக்குறைவு. மேலும் அந்தக் குரல் முழுமையாக வரவில்லை. அரை மதிப்பெண் குறைவு.'

பொண்டாட்டி பென்சிலோட பிழை பார்த்துக்கிட்டிருந்தா. திடீர்னு தலை நிமிர்ந்து, "வெளிப்பக்கத்திலிருந்துன்னு எழுதியிருக்கீங்களே, அது சத்தத்தை வச்சே தெரியுமா?"ன்னு கேட்டா. பதினெட்டு வருஷத்துல என் தொழிலைப் பத்தி அவ கேட்ட முதல் கேள்வி. எனக்குத் தலைகால் புரியல. பக்கத்துல உக்காந்து விளக்கினேன். "கதவுக்கு அந்தப் பக்கத்துலேருந்து வந்தா கிளிக் மழுங்கிக் கேக்கும். அதுவும் அந்தத் தாழ்ப்பாள் நடுவுல துரு உரசும், அப்புறம்தான் உக்காரும்."

"எந்தத் தாழ்ப்பாள்?"னு கேட்டா.

அவ பென்சிலைக் கீழே வச்சா. ஒரு சுழி கூடப் போடாம அந்தத் தாளை மடிச்சு எடுத்துக்கிட்டா. அப்புறம் முன்னறைக்குப் போய், என் நாற்காலியைத் தரதரன்னு இழுத்துச் சுவரோரம் போட்டுட்டு, செருப்பை மாட்டிக்கிட்டு உங்ககிட்ட வந்துட்டா. நாற்காலிக்கு அடியில எவ்வளவு அழுக்குன்னு அன்னிக்குத்தான் பார்த்தேன். அவ மேல எனக்குக் கோபம் இல்ல சார், தம்பி பாசம். இருந்தாலும் நான் சுயநலத்துக்காகப் பண்ணலேன்னு அவகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்.

அந்த விமர்சனம் இந்த மாசம் வருமா? வந்தா மார்க்கை மட்டும் மாத்திடாதீங்கன்னு ஆசிரியர்கிட்ட சொல்லிடுங்க. நான் யோசிக்காம குறைக்கலை. ஆங், அதைத்தானே முதல்ல கேட்டீங்க, ஏன் அரை மார்க் குறைச்சீங்கன்னு. குரல் முழுசா வரல, அதான். ரிமோட்டைக் குடுங்க, முன் சவுண்டைக் குறைச்சுப் பின் சவுண்டை ஏத்தி, கடைசி ஒரு நிமிஷத்தை மட்டும் போடறேன், வயலினுக்கு அடியில கவனிங்க. தாழ்ப்பாள். கேட்டுச்சா? இப்ப அவன் குரல், அந்த நடு எழுத்தை இழுக்கறான் பாருங்க. அத்தான். இன்னொண்ணு. இதோ மூணாவது. வயலின் நின்னுடுச்சு, டிஸ்க் அவ்வளவுதான்.

அவன் நாலு தடவை கூப்பிட்டான் சார்.